சிறுகுறிஞ்சான்: நீரிழிவு மூலிகை ஒன்றின் ஆய்வு வரலாறு

சிறுகுறிஞ்சான் என்பது நீரிழிவு நோய்க்கு மருந்தாகத் தமிழ்நாட்டில் பரவலாகப் பயன்படும் ஒரு கொடி. இதன் இலை ஏறத்தாழ 140 ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டு வருகிறது. அந்தச் சோதனைகளுள் முக்கியமான இரண்டு, தமிழ் மண்ணிலேயே நடந்தவை. ஒன்று 1880களில் உதகமண்டலத்தில் நடந்தது. மற்றொன்று 1980களில் சென்னைத் தரமணியில் நடந்தது. இவ்விரண்டையும் மையமாகக் கொண்டு, ஒரு மூலிகைச் சாறு எவ்வாறு சோதிக்கப்படுகிறது, அந்தச் சோதனை எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இது வெறும் செடியைப் பற்றிய செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான பெரிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு அந்நோய் உண்டு. அச்சரப்பாக்கம் போன்ற சிற்றூரில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டாலும் மாத்திரை விழுங்காத வீடு குறைவு. அவர்களில் பலர் மாத்திரையோடு ஏதேனும் ஒரு பொடியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சிலர் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த முடிவை எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

செடியும் பெயரும்

சிறுகுறிஞ்சானின் தாவரவியல் பெயர் ஜிம்னீமா சில்வெஸ்ட்ரி. வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் பிற செடிகளைப் பற்றிப் படரும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. மெல்லிய மயிர் கொண்டவை. பூக்கள் சிறியவை, மஞ்சள் நிறமானவை. காய் கொம்பு போல் நீண்டு கூர்மையாக இருக்கும். அதனாலேயே வடமொழியில் இதற்கு 'மேஷசிருங்கி', அதாவது ஆட்டுக்கொம்பு என்று பெயர். காய் வெடித்தால் எருக்கின் விதைபோலப் பட்டிழை கொண்ட விதைகள் பறக்கும். முன்பு எருக்கங் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடி இப்போது அரளிக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

தமிழில் இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர் உண்டு. இந்தியில் 'குட்மார்' என்பார்கள். வெல்லத்தைக் கொல்வது என்று பொருள். இரண்டு பெயரும் ஒரே அனுபவத்திலிருந்து வந்தவை. பச்சிலை ஒன்றை நன்றாக மென்று, நாக்கு முழுவதும் சாறு படும்படி செய்துவிட்டு, பிறகு சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது. மணலை மெல்வது போலிருக்கும். அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் சுவை திரும்பிவிடும்.

இங்கே ஒரு கருத்தை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாக்கில் இனிப்பை மறைப்பது ஒரு செயல். இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறொரு செயல். முதலாவது நடக்கிறது என்பதால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்று சொல்ல முடியாது. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இச்செடியின் ஆய்வு வரலாறு என்பது, பெரும்பாலும், இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த வரலாறே ஆகும்.

உதகமண்டலத்தில் ஹூப்பர்

1840களில் இந்தியாவில் பணிபுரிந்த எட்ஜ்வொர்த் என்ற தாவரவியலாளர், இந்த இலையை மென்றபின் தேநீரில் இனிப்புத் தெரியவில்லை என்பதைக் கவனித்தார். அச்செய்தி இலண்டன் அறிஞர்களிடம் சென்றது. ஆனால் இலைக்குள் என்ன இருக்கிறது என்று வேதியியல் முறையில் ஆராய்ந்தவர் டேவிட் ஹூப்பர்.

அன்றைய சென்னை மாகாண அரசு, மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்துக்காக நீலகிரியில் சின்கோனா மரங்களைப் பயிரிட்டு வந்தது. மரப்பட்டையில் கொயினா எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பதற்காக உதகமண்டலத்தில் அரசு வேதியியலாளர் ஒருவர் இருந்தார். அந்தப் பதவியில் இருந்தவர் ஹூப்பர். அவர் சிறுகுறிஞ்சான் இலையை ஆய்வு செய்து, அதிலிருந்து அமிலத் தன்மை கொண்ட ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு 'ஜிம்னீமிக் அமிலம்' என்று பெயரிட்டார். அவருடைய கட்டுரை 1887ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இனிப்பை மட்டுமன்றி, தாம் அன்றாடம் சோதித்து வந்த கொயினாவின் கசப்பையும் இந்த இலை மழுங்கச் செய்கிறது என்று அவர் குறிப்பிட்டார்.

ஹூப்பர் பிரித்தெடுத்தது ஒற்றைப் பொருள் அன்று என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஜிம்னீமிக் அமிலம் என்பது, சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரையை உண்டாக்கும் சப்போனின் வகையைச் சேர்ந்த பல சேர்மங்களின் தொகுப்பு. நாக்கில் இனிப்பை உணரும் புரத ஏற்பிகளில் இவை போய் ஒட்டிக்கொள்வதால் இனிப்புச் செய்தி மூளைக்குச் செல்வதில்லை. இலையில் குர்மாரின் என்ற சிறு புரதம் ஒன்றும் உண்டு. அது எலிகளின் இனிப்புச் சுவையை அடக்குகிறது. நாக்கின் புதிர் இவ்வாறு பெருமளவு தீர்ந்துவிட்டது. இரத்தத்தின் புதிர் அவ்வளவு எளிதாகத் தீரவில்லை.

அளக்கும் முறை வந்தது

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல வேண்டுமானால் முதலில் நோயை அளக்கத் தெரிய வேண்டும். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு நீரிழிவை அறிவது நம் நாட்டுப் பழைய வழக்கம். 1776இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மாத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி, அடியில் தங்குவது சர்க்கரையே என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ட் கரைசல் வந்தது. நீல நிறக் கரைசலோடு சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் செய்யும் அதே சோதனைதான்.

ஆனால் சிறுநீர்ச் சோதனையில் ஒரு குறை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் அது வெளிப்படும். எனவே சிறுநீர் சுத்தமாக இருக்கிறது என்பதால் நோய் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே சர்க்கரையை அளக்கும் ஃபோலின்-வூ முறை பரவியது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் பிறகுதான் மூலிகைகளைப் பற்றிய கேள்வியைச் சரியாகக் கேட்க முடிந்தது.

பம்பாயும் கல்கத்தாவும்

இன்சுலின் வந்த சில ஆண்டுகளிலேயே இந்திய ஆய்வாளர்கள் சிறுகுறிஞ்சானின் பக்கம் திரும்பினார்கள். இன்சுலின் ஊசி மருந்து, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், குளிரில் வைக்க வேண்டும், விலையும் அதிகம். உள்ளூர் இலை ஒன்று அதன் வேலையில் ஒரு பகுதியையாவது செய்யுமானால் அது பெரும் உதவி என்ற எண்ணம் இயல்பானது.

கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ராவும் அவருடைய துணைவர்களும் 1928இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு இலையைக் கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பது அவர்கள் முடிவு. பம்பாயில் மாஸ்கர், கையஸ் ஆகிய இருவர் 1930இல் நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். விலங்குகளில் இலை சர்க்கரையைக் குறைக்கிறது என்றும், அது நேரடியாக அல்லாமல் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதன் வழியாக நடக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள்.

இரண்டு நல்ல ஆய்வுக்கூடங்கள்; ஒரே செடி; இரண்டு விடைகள். இதில் யார் சொன்னது சரி என்று கேட்பதைவிட, அவர்கள் ஒரே பொருளைச் சோதித்தார்களா என்று கேட்பது நல்லது. எந்தப் பருவத்தில் பறித்த இலை, எந்த நீரில் அல்லது சாராயத்தில் எடுத்த சாறு, எவ்வளவு அளவு, எத்தனை நாள், விலங்கிலா மனிதரிலா, கணையம் ஓரளவாவது வேலை செய்யும் நோயாளியா இல்லையா? இவற்றில் எது மாறினாலும் விடை மாறும். மூலிகை ஆய்வின் அடிப்படைச் சிக்கல் இது. இலை ஒன்றுதான், சாறுகள் பல.

எலிக்கு நீரிழிவு

1943இல் ஸ்காட்லாந்தில் டன் என்பவரும் அவருடைய குழுவினரும், அலாக்ஸான் என்ற வேதிப்பொருள் முயலின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை மட்டும் அழிப்பதைக் கண்டார்கள். 1963இல் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற பொருளுக்கும் அதே தன்மை உண்டு என்பது தெரிந்தது. இதனால் ஆய்வுக்கூடத்தில் வேண்டியபோது வேண்டிய எண்ணிக்கையில் நீரிழிவு எலிகளை உண்டாக்க முடிந்தது. மூலிகை ஆய்வுகள் பெருகியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்று ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வழக்கமாக நடப்பது இதுதான். செடியைத் தாவரவியலாளர் அடையாளம் கண்டு சான்று தருவார். இலையை நிழலில் உலர்த்திப் பொடி செய்வார்கள். நீர், சாராயம், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் தனித்தனியே சாறு இறக்கி வற்றவைப்பார்கள். முதலில் சோதனைக்குழாயில், மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை அந்தச் சாறு தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நெறிக்குழுவின் அனுமதி பெற்று எலிகளில் சோதிப்பார்கள். நலமான எலிகள், மருந்து தராத நீரிழிவு எலிகள், சாறு தந்த நீரிழிவு எலிகள், கிளிபென்கிளமைடு போன்ற தெரிந்த மாத்திரை தந்த நீரிழிவு எலிகள் என்று குழுக்கள் பிரிப்பார்கள். சில வாரங்கள் கழித்துச் சர்க்கரை, கல்லீரல் நொதிகள், கொழுப்பு ஆகியவற்றை அளப்பார்கள். கணையத்தை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒப்பீட்டுக் குழுவைத்தான். அது இல்லாவிட்டால், சர்க்கரை குறைந்தது சாற்றினாலா, எலி பட்டினி கிடந்ததாலா என்று பிரித்தறிய முடியாது.

தரமணி ஆய்வுகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் தரமணியில் உள்ளது. அங்கு உயிர்வேதியியல் துறையில் இ. ஆர். பி. சண்முகசுந்தரம், கே. ராதா சண்முகசுந்தரம் ஆகியோரின் குழு சிறுகுறிஞ்சானைத் தொடர்ந்து ஆராய்ந்தது. 1980களின் தொடக்கத்தில் நீரிழிவு முயல்களில் நடந்த ஆய்வுகள் வெளியாயின. இலைப்பொடி தந்த முயல்களில் குளுக்கோஸைப் பயன்படுத்தும் நொதிகளின் செயல் சீரடைவதை அவர்கள் பதிவு செய்தார்கள்.

பின்னர் அவர்கள் இலையிலிருந்து நீரில் கரையும் இரண்டு சாறுகளைத் தயாரித்து, ஜி.எஸ்.3, ஜி.எஸ்.4 என்று பெயரிட்டார்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்த எலிகளில் இவற்றைச் சோதித்தார்கள். ஜி.எஸ்.3 தந்த எலிகளில் 60 நாளிலும், ஜி.எஸ்.4 தந்த எலிகளில் 20 நாளிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளின் எண்ணிக்கையும் பீட்டா செல்களின் எண்ணிக்கையும் இரு மடங்காயின என்று 1990இல் எழுதினார்கள். அழிந்த செல் மீண்டும் வளரலாம் என்ற இந்தக் கருத்து உலகின் கவனத்தை ஈர்த்தது.

அதே ஆண்டில் அதே இதழில் மனிதரிடம் நடந்த இரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன. முதலாவதில், மாத்திரை உண்டுவந்த 22 இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு, அந்த மாத்திரையோடு சேர்த்து நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் ஜி.எஸ்.4 தரப்பட்டது. இது 18 முதல் 20 மாதம் வரை நடந்தது. இரத்தச் சர்க்கரையும், ஹீமோகுளோபினோடு ஒட்டிய சர்க்கரையின் அளவும் குறைந்தன. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் இந்தப் பிந்தைய அளவு அக்காலத்தில் புதியது. மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. 22 பேரில் 5 பேர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜி.எஸ்.4 மட்டும் கொண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது ஆய்வு, இன்சுலின் ஊசி போட்டுவந்த 27 முதல் வகை நோயாளிகளிடம் நடந்தது. இவர்களுக்கும் ஊசியோடு சேர்த்து அதே 400 மில்லிகிராம் தரப்பட்டது. இன்சுலின் தேவை குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குறைந்தது. ஊசி மட்டும் போட்டுக்கொண்ட ஒப்பீட்டு நோயாளிகளிடம் 10 முதல் 12 மாதம் கழித்தும் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. எஞ்சியிருக்கும் பீட்டா செல்கள் புத்துயிர் பெற்றிருக்கலாம் என்று குழுவினர் கருதினார்கள்.

இவை எதைக் காட்டின, எதைக் காட்டவில்லை

இந்த ஆய்வுகளுக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். ஒரு நாட்டு மருந்தை நீண்ட காலம், அளவு குறித்து, மனிதரிடம் அளந்து பார்த்த முயற்சிகள் அன்று அரிது. சாற்றுக்கு ஒரு பெயர் இட்டு, ஒரே முறையில் தயாரித்தது பெரிய படி. அதனால்தான் இன்றும் சிறுகுறிஞ்சானைப் பற்றி உலகில் எங்கே எழுதினாலும் இந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டாமல் எழுத முடிவதில்லை.

அதே சமயம் அவற்றின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு. எவருக்குச் சாறு, எவருக்குப் போலி மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்து, நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்து நடத்தும் சோதனையாக அது அமையவில்லை. ஓர் ஆய்வில் சேரும் நோயாளி மாதந்தோறும் மருத்துவரைப் பார்க்கிறார். உணவில் கவனம் கொள்கிறார். மாத்திரையைத் தவறாமல் உண்கிறார். இந்தக் கவனமே சர்க்கரையைக் குறைக்கும். இதைப் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் போலி மாத்திரைக் குழு தேவைப்படுகிறது.

அடுத்த கேள்வி 1999இல் இலண்டனிலிருந்து வந்தது. கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஜி.எஸ்.4 சாற்றைச் சோதனைக்குழாயில் பீட்டா செல்களின் மேல் இட்டுப் பார்த்தார்கள். இன்சுலின் வெளிவந்தது உண்மை. ஆனால் செல்லின் சவ்வு கசியும் தன்மை பெற்றதால் அது வெளிவந்ததாக அவர்கள் கண்டார்கள். குடத்தில் நீர் ஊற்றிக் கொடுப்பதற்கும், குடம் ஒழுகுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா? சப்போனின்களுக்குச் சவ்வைக் குலைக்கும் இயல்பு இருப்பதால் இந்த ஐயம் எழுந்தது. உண்ணும்போது சாறு குடலைத் தாண்டி அந்தச் செறிவில் கணையத்தை அடையுமா என்பது தனிக் கேள்வி. 2010இல் அதே கல்லூரியினர் வேறு முறையில் எடுத்த சிறுகுறிஞ்சான் சாறு ஒன்று, செல்லைச் சிதைக்காமலேயே இன்சுலினைத் தூண்டியதாகவும், சிறு எண்ணிக்கை நோயாளிகளில் 60 நாளில் பயன் தந்ததாகவும் எழுதினார்கள். மீண்டும் அதே பாடம்: சாறு மாறினால் விடையும் மாறுகிறது.

பக்கவிளைவு இல்லை என்பதும் முழு உண்மை அன்று. 2010இல் சிறுகுறிஞ்சான் உட்கொண்ட நோயாளி ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. இது அரிய நிகழ்ச்சிதான். ஆனால் மாத்திரையோடு சேர்த்து உண்ணும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும் வாய்ப்பு அரிது என்று சொல்ல முடியாது. மருந்து உண்மையில் வேலை செய்கிறது என்றால், அந்த ஆபத்தும் உண்மையாகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. 1990 ஆய்வில் முதல் வகை நோயாளிகள் எவரும் இன்சுலினை விட்டுவிட்டு இலையை மட்டும் உண்டவர்கள் அல்லர். ஊசியோடு சேர்த்துத்தான் சாறு தரப்பட்டது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து நேரும். 'சென்னைப் பல்கலைக்கழகமே மெய்ப்பித்துவிட்டது' என்று சொல்லி ஊசியை நிறுத்தச் சொல்பவர், அந்த ஆய்வைப் படிக்காதவர் என்றே கொள்ள வேண்டும்.

பிற செடிகள் சென்ற வழி

ஒரு செடி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால் எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

ஐரோப்பாவில் கலேகா என்ற செடி நாட்டு மருந்தாக இருந்தது. அதில் குவானிடின் வகைப் பொருள்கள் உண்டு. குவானிடின் சர்க்கரையைக் குறைக்கும் என்று 1918இல் தெரிந்தது. ஆனால் அது நஞ்சு. அதைச் சார்ந்த மெட்ஃபார்மின் 1922இல் டப்ளின் நகரில் தயாரிக்கப்பட்டது. 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குத் தந்து முடிவை வெளியிட்டார். 1998இல் வெளியான பிரிட்டனின் பெரும் ஆய்வு, அதன் நீண்டகாலப் பயனை உறுதி செய்தது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இன்று வீட்டு வாசலுக்கு வரும் நீரிழிவு மாத்திரைகளின் பின்னால் இப்படி ஒரு செடியும் உண்டு.

ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் ஃபுளோரிசின் பிரித்தெடுக்கப்பட்டது. அதை உண்டால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்று 1886இல் மேரிங் கண்டார். முதலில் அதை நோயை உண்டாக்கும் பொருள் போலவே கருதினார்கள். சிறுநீரகம் சர்க்கரையை மீட்டெடுப்பதை அது தடுக்கிறது என்பது பின்னர் விளங்கியது. அந்த வழியில் உருவான மாத்திரைகள் 2010களில் விற்பனைக்கு வந்தன.

மூன்றாவது நமக்கு நன்கு தெரிந்த நித்தியகல்யாணி. மாமல்லபுரம் கடற்கரை மணலிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தானே பூத்துக் கிடக்கும் செடி. சிறுகுறிஞ்சானைப் போலவே அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் இதன் இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்தார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் அதை எலிகளில் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசி வழியே செலுத்தியபோது எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வில் வின்கிறிஸ்டினும் கிடைத்தது. 1960களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இது முக்கிய மருந்து. நீரிழிவுக்குப் பயனற்றது என்று வந்த முடிவை மறைக்காமல் எழுதியதால் கிடைத்த பயன் இது.

ஆவாரையும் கடலழிஞ்சிலும்

சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குச் சிறுகுறிஞ்சான் மட்டுமே மருந்து அன்று. ஆவாரை, நாவல் கொட்டை, கொன்றை, மருதம்பட்டை, கடலழிஞ்சில் முதலியவை கூட்டாகவே பயன்படுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரைகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் நீரிழிவு எலிகளில் சோதித்து, பூச்சாறு சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்ததாக 2002இல் வெளியிட்டார்கள். கடலழிஞ்சிலைச் சிங்களத்தில் 'கொத்தல ஹிம்புட்டு' என்பார்கள். இலங்கையில் அதன் மரத்தில் குடைந்த குவளையில் இரவு நீர் ஊற்றிவைத்துக் காலையில் பருகுவது வழக்கம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிலிருந்து சலாசினால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாக உடைவதை அது தாமதப்படுத்துகிறது.

எலிச் சோதனை வரை வந்த மூலிகைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கிருந்து மனிதரிடம் முறையான சோதனைக்குச் சென்றவை சில. ஓர் எலி ஆய்வைச் சில மாதங்களில் முடித்துப் பட்டம் பெறலாம். மனிதரிடம் சோதிக்க நூற்றுக்கணக்கான நோயாளிகள், பல ஆண்டுகள், பெரும் பணம் தேவை. காட்டில் தானே வளரும் இலைக்கு அந்தப் பணத்தைப் போட முன்வருபவர் குறைவு.

இலை யாருடையது

செங்கல்பட்டு வட்டாரத்துப் புதர்க்காடுகளின் மூலிகைகளை நன்கு அறிந்தவர்கள் இருளர் மக்கள். தண்டரையில் 1986இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகைத் தோட்டம் அமைத்து அந்த அறிவைத் தொழிலாகவும் மாற்றியது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் இலைப்பொடியின் முதல் கண்ணி, புதரில் கை விட்டுப் பறிப்பவர்தான்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், உயிர் வளத்தையும் மரபறிவையும் பயன்படுத்தி ஆதாயம் பெறுபவர் அதைப் பாதுகாத்தவரோடு பகிர வேண்டும் என்றது. அச்சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியில்தான் உள்ளது. 2023இல் வந்த திருத்தம், நூல்களில் ஏற்கெனவே பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு இதில் விலக்கு அளித்தது. சிறுகுறிஞ்சானின் பயன் பழைய மருத்துவ நூல்களில் உள்ளது. அப்படியானால் பறிப்பவருக்குக் கூலிக்கு மேல் என்ன உரிமை என்பது விவாதத்துக்குரிய கேள்வியாகவே நிற்கிறது.

இன்றைய நிலை

இன்று சிறுகுறிஞ்சான், மத்திய அரசின் ஆயுர்வேத ஆராய்ச்சிக் குழுமம் உருவாக்கிய ஆயுஷ்-82 போன்ற கூட்டு மருந்துகளில் பாகற்காய், நாவல், மாங்கொட்டை ஆகியவற்றோடு இடம் பெற்றுள்ளது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் நீரிழிவு நோயாளிகள் முறையாகச் சிகிச்சை பெறலாம். இந்தியாவில் மனிதரிடம் நடத்தும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற நடைமுறை 2007இல் தொடங்கி, 2009 முதல் கட்டாயமாயிற்று. சாதகமாக வந்த முடிவை மட்டும் வெளியிட்டு மற்றதை மறைப்பதற்கு இது ஒரு தடை. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்துள்ளது. அந்த விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் இன்றும் பார்க்கிறோம்.

'மூலிகைச் சாறு நீரிழிவைக் குணப்படுத்தியது' என்ற செய்தியைப் படிக்கும் மாணவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். சோதித்தது சோதனைக்குழாயிலா, எலியிலா, மனிதரிடமா? எத்தனை பேர், எத்தனை மாதம்? ஒப்பீட்டுக் குழு இருந்ததா? சாறு எப்படி எடுக்கப்பட்டது, கடையில் விற்பதும் அதே சாறுதானா? வழக்கமான மருந்தோடு சேர்த்துத் தரப்பட்டதா, அதை நிறுத்திவிட்டுத் தரப்பட்டதா?

இந்தக் கேள்விகளைச் சிறுகுறிஞ்சானிடம் கேட்டால் கிடைக்கும் விடை இதுதான். நாக்கில் இனிப்பை மறைக்கிறது என்பது உறுதி. விலங்குகளில் சர்க்கரையைக் குறைத்தது என்பதற்குப் பல சான்றுகள் உண்டு. மனிதரிடம் குறைத்தது என்பதற்குத் தரமணி ஆய்வு உட்படச் சிறிய அளவிலான சான்றுகள் உண்டு. மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ மாற்றாகும் என்பதற்குச் சான்று இல்லை. உண்ண விரும்புபவர் தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், இரத்தச் சர்க்கரையை அளந்துகொண்டே உண்பது நல்லது. தரமணியில் 22 பேருக்கும் 27 பேருக்கும் சாறு தரப்பட்டதும் அவ்வாறே, வழக்கமான மருந்தோடு சேர்த்து, சர்க்கரையை அளந்துகொண்டுதான்.